ஓதிய தண்ணீரும் கொதித்த தண்ணீரும்: கஷ்மீர் மருத்துவர் ஒருவரிடம் நம் மஹல்லா கற்க வேண்டியது

சில ஆண்டுகளுக்கு முன், பருவமழை ஓய்ந்து சில வாரங்கள் ஆகியிருந்த நேரம். திருவொற்றியூரில் அஸர் தொழுகை முடிந்து நாம் எழுந்தபோது ஓர் இளைஞர் கையில் காலி பாட்டிலோடு வந்து நின்றார். "ஹஜ்ரத், வீட்ல மஞ்சக்காமாலை. ஏழு மாசம் வேற. கொஞ்சம் ஓதிக் குடுங்க" என்றார். பாட்டிலைப் பள்ளிவாசல் குழாயிலேயே நிரப்பி, ஓதி ஊதிக் கொடுத்தோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நல்லது, அல்லாஹ் ஷிஃபா தருவான் என்றோம். மருத்துவமனைக்கு அழைத்துப் போனீர்களா என்று நாம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அந்தச் சகோதரியை நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். அல்லாஹ்வின் அருளால் தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. அந்தச் சிறு மய்யித்தை அடக்கம் செய்ய நாமும் போயிருந்தோம். வந்த காமாலை எந்த வகை என்று நமக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு ஒரு கேள்வி தூங்கவிடவில்லை. நாம் ஓதிய கலாமில் குறை கிடையாது. எந்தத் தண்ணீரில் ஓதிக் கொடுத்தோம்?

இந்தக் கேள்வியோடு மருத்துவர் நண்பர்களிடம் பேசியும் படித்தும் தேடியபோது நமக்குக் கிடைத்த பெயர் டாக்டர் முஹம்மத் சுல்தான் கூரூ. கஷ்மீர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இரைப்பை, குடல், கல்லீரல் நோய் மருத்துவர். வைரஸ் ஆய்வாளர் என்ற பட்டம் அவருக்கு இல்லை. ஆனாலும் இன்று உலகம் 'ஹெபடைடிஸ் ஈ' என்று அழைக்கும் கல்லீரல் வைரஸ் தனியானதொரு கிருமி என்பதை முதலில் அடையாளம் கண்டவர்களில் முன்னணியில் வைத்துப் பேசப்படுபவர் அவர். அவருடைய பணியின் பெரும்பகுதி நடந்தது ஸ்ரீநகரில். அதில் பல ஆண்டுகள் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே கழிந்தவை.

1978: பனிக்காலத்தில் வந்த காமாலை

1978 நவம்பரில் குல்மர்க் மலையடிவாரப் பகுதி கிராமங்களில் காமாலை பரவத் தொடங்கியது. கூரூ அப்போது ஸ்ரீநகரில் பணியாற்றிய இளம் மருத்துவர். காமாலையோடு நினைவிழந்த கர்ப்பிணிப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்து அனுப்புவதோடு அவர் நின்றுவிடவில்லை. நோயாளிகள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்து, அந்த ஊர்களுக்கே போனார். வீடு வீடாக ஏறி இறங்கி, வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் காமாலை, என்ன வயது, பெண்களில் யார் கர்ப்பிணி, எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பின்னாளில் அவர் எழுதிய மதிப்பீட்டின்படி அந்தப் பரவல் சுமார் 200 கிராமங்களை, ஏறத்தாழ 6 லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியைத் தொட்டது. சுமார் 52,000 பேருக்குக் காமாலை கண்டது. சுமார் 1,700 பேர் இறந்தார்கள். மலம் கலந்த பொதுத் தண்ணீரைக் குடித்த கிராமங்களில்தான் நோய் கொத்துக் கொத்தாக வந்திருந்தது.

தண்ணீரால் பரவும் காமாலை மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. 'ஹெபடைடிஸ் ஏ' என்ற வைரஸ் அப்படித்தான் பரவும் என்பது தெரிந்ததே. அதனால், இதுவும் அதுவே என்று எழுதி முடித்திருக்கலாம். கூரூ முடிக்கவில்லை. அவருக்கு ஒரு விஷயம் இடித்தது. சுகாதார வசதி குறைந்த ஊர்களில் ஹெபடைடிஸ் ஏ குழந்தைப் பருவத்திலேயே ஏறக்குறைய எல்லோருக்கும் வந்து போய்விடும். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி நிற்கும். அப்படியானால் அந்த ஊர்களில் வாலிப வயதினர் ஆயிரக்கணக்கில் ஏன் விழ வேண்டும்?

இரத்தப் பரிசோதனை அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தியது. நோயாளிகளிடம் பழைய ஹெபடைடிஸ் ஏ தொற்றின் அடையாளம் இருந்தது, புதிய தொற்றின் அடையாளம் இல்லை. இரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி-யும் காரணம் இல்லை. ஆக, தண்ணீரில் வரும் இன்னொரு வைரஸ் இருக்க வேண்டும் என்று 1980ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அதே ஆண்டில் வேறொரு ஆய்வுக் குழு, 1955-56ல் டெல்லியை உலுக்கிய காமாலைப் பரவலின்போது சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்து, அதுவும் ஹெபடைடிஸ் ஏ அல்ல என்று அறிவித்தது. யமுனையில் சாக்கடை கலந்து, குடிநீர் வழியே ஏறத்தாழ 29,300 பேருக்குக் காமாலை வந்த பரவல் அது. கால் நூற்றாண்டாக அந்த வைரஸ் வேறொரு பெயரில் மறைந்திருந்தது.

ஏன் கர்ப்பிணிகள்?

கூரூ வீடு வீடாக எடுத்த கணக்கின் அருமை 1981ல் வெளியான அவருடைய அடுத்த ஆய்வில் தெரிகிறது. அந்த எண்களை நாம் அப்படியே தருகிறோம். நம் சமுதாயத்தில் ஒவ்வொரு கணவரும், ஒவ்வொரு மாமியாரும் அறிந்திருக்க வேண்டியவை இவை.

ஆய்வுக்கு உட்பட்ட கிராமங்களில் 208 கர்ப்பிணிகள் இருந்தார்கள். அவர்களில் 36 பேருக்குக் காமாலை வந்தது. நூற்றுக்குப் பதினேழு பேர். கர்ப்பமில்லாத பெண்கள் 3,350 பேரில் 71 பேருக்கு மட்டுமே வந்தது. ஆண்கள் 3,822 பேரில் 107 பேருக்கு. அதாவது நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்.

அடுத்த கணக்கு இன்னும் கடுமை. காமாலை வந்த 36 கர்ப்பிணிகளில் 8 பேருக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தது. கர்ப்பமில்லாத 71 பெண்களில் ஒருவருக்குக்கூட அந்த நிலை வரவில்லை. ஆண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே வைரஸ். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவர்கள் மட்டும் நான்கைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் மரணத்தின் வாசலுக்குப் போனார்கள்.

இதற்கான முழுக் காரணத்தை மருத்துவ உலகம் இன்றும் ஆராய்ந்து வருகிறது. கர்ப்ப காலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியிலும் ஹார்மோன்களிலும் ஏற்படும் மாற்றங்கள் பேசப்படுகின்றன. கடைசி மூன்று மாதங்களில் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. வைரஸ் தாயிடமிருந்து கருவிலுள்ள குழந்தைக்கும் போகிறது என்பதை 1995ல் கூரூவும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். நம்மிடம் பாட்டில் கொண்டுவந்த இளைஞர் சொன்ன 'ஏழு மாசம்' என்ற வார்த்தையின் கனம் இதைப் படித்தபோதுதான் நமக்குப் புரிந்தது.

வைரஸைக் கண்ணால் கண்டவர்

கூரூ கணக்கிட்டுச் சொன்ன வைரஸை நுண்ணோக்கியில் கண்டவர் மாஸ்கோவைச் சேர்ந்த வைரஸ் ஆய்வாளர் மிகைல் பலயான். அந்தக் கதையும் ஒரு போர்க்களத்தோடு சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் இறங்கியிருந்த சோவியத் படைவீரர்களிடையே காமாலை பரவியது. தன் நாட்டின் சோதனைக்கூடத்தில் அதை ஆராய விரும்பிய பலயான், ஏற்கனவே ஹெபடைடிஸ் ஏ வந்து தேறியவர். நோயாளிகள் ஒன்பது பேரின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தாமே குடித்தார். 36ஆம் நாள் கடும் காமாலையில் விழுந்தார். தம்முடைய மலத்தில் 27 முதல் 30 நானோமீட்டர் அளவுள்ள வைரஸ் துகள்களைக் கண்டு 1983ல் வெளியிட்டார்.

தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதை நம் மார்க்கம் அனுமதிக்காது. எனவே இதை முன்மாதிரியாகச் சொல்ல மாட்டோம். வைரஸ் கண்டறியப்பட்ட வரலாறு இது என்பதற்காகவே சொல்கிறோம். 1990ல் அதன் மரபணுவின் பகுதி பிரித்தெடுக்கப்பட்டு, 'ஹெபடைடிஸ் ஈ' என்ற பெயர் நிலைபெற்றது. 1991ல் கான்பூரில் அதே வைரஸ் சுமார் 79,000 பேரைப் படுக்கையில் தள்ளியது. அங்கும் காரணம் சாக்கடை கலந்த குடிநீர்தான்.

துப்பாக்கிகளுக்கு நடுவே ஒரு மருத்துவமனை

இதற்கிடையே கூரூவின் சொந்த மண்ணிலேயே நிலைமை மாறிவிட்டது. 1989ன் இறுதியிலிருந்து கஷ்மீர் ஆயுத மோதலின் களமானது. ஊரடங்கும் தேடுதல் வேட்டையும் குண்டுவெடிப்பும் அன்றாடமாயின. கல்வியாளர்களும் தப்பவில்லை. இஸ்லாமிய அறிஞரும் கஷ்மீர் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான முஷீருல் ஹக் 1990 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். ஸ்ரீநகர் சௌராவில் உள்ள ஷேரே கஷ்மீர் மருத்துவ அறிவியல் கழகத்தின் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர் அப்துல் அஹத் குரு 1993ல் அதே முறையில் கொல்லப்பட்டார். பெயர் ஒலியில் நெருங்கினாலும் இவர் வேறு, நம் கட்டுரை நாயகர் வேறு. ஆனால் இருவரும் பணியாற்றியது ஒரே மருத்துவ வளாகம்.

அந்த வளாகத்திலிருந்து அந்த ஆண்டுகளில் என்ன வெளிவந்தது என்று பாருங்கள். உருண்டைப் புழுக்கள் பித்தநாளத்தில் ஏறி அடைப்பு ஏற்படுத்துவதைப் பற்றி 500 நோயாளிகளைக் கொண்ட ஆய்வை 1990ல் கூரூ வெளியிட்டார். அதுவும் மலம் மண்ணிலும் உணவிலும் கலப்பதால் வரும் நோயே. 1997ல் உலகின் முதன்மையான மருத்துவ இதழ்களுள் ஒன்றில், அவர் தலைமையிலான இரண்டு ஆய்வுகள் ஒரே ஆண்டில் வந்தன. ஒன்று, வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசியும் 220 நோயாளிகளைப் பற்றியது. பாதிப் பேருக்கு ஒமிப்ரசோல் என்ற மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மருந்து எடுத்த 110 பேரில் 12 பேருக்குத்தான் இரத்தக் கசிவு நிற்காமல் தொடர்ந்தது, அல்லது மீண்டும் வந்தது. எடுக்காத 110 பேரில் அப்படி ஆனவர்கள் 40 பேர். அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முறையே 8, 26. மற்றொன்று, கல்லீரலில் வரும் நீர்க்கட்டிகளைப் பெரிய அறுவை இல்லாமல் ஊசிவழி வடித்துக் குணப்படுத்துவது பற்றியது. நோயாளி மருத்துவமனையில் தங்க வேண்டிய நாட்கள் சராசரியாகப் பன்னிரண்டுக்கு மேலிருந்து நான்காகக் குறைந்தன.

இந்த ஆய்வுகளில் நாம் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். மாத்திரையால் இரத்தம் நிற்குமானால் அறுவை அரங்கு தேவையில்லை. நான்கு நாளில் வீடு திரும்ப முடியுமானால் ஊரடங்கில் குடும்பம் அலைய வேண்டியதில்லை. அந்த நோக்கத்தோடுதான் அவர் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அந்த ஊருக்கு அது எவ்வளவு பொருந்தியது என்று மட்டும் சொல்கிறோம்.

பிறகு அவர் சவூதியின் ரியாதிலும் பணியாற்றினார். பின்னர் ஸ்ரீநகருக்கே திரும்பி மருத்துவத்தையும் எழுத்தையும் தொடர்ந்தார். 1978ல் தாம் ஏறி இறங்கிய அதே மக்களை அவர் மறக்கவில்லை. தொடர்ந்து கண்காணித்து வந்தார். 30 ஆண்டுகளுக்குப் பின் அதே மக்களிடையே ஹெபடைடிஸ் ஈ இரண்டாவது முறை பரவியபோது, அதைப் பற்றியும் ஆய்வு எழுதினார். ஒரு தலைமுறை கடந்தும் அந்த ஊர்களின் தண்ணீர் சுத்தமாகியிருக்கவில்லை என்பதே அந்த ஆய்வு சொல்லும் கசப்பான செய்தி. அறிஞர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். குழாயைச் சரிசெய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை.

போர் நடக்கும் இடமெல்லாம்

இந்த வைரஸ் போரைத் தொடர்ந்து செல்கிறது. சூடானின் தார்ஃபூரில் 2004ல் அகதி முகாமில் பரவியது. உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்த மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வடக்கு உகாண்டாவின் கிட்கம் பகுதியில் 2007 முதல் 2009 வரை 10,000க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. கிணறு சிதைந்து, கழிப்பறை நிரம்பி வழிந்து, ஆயிரம் பேருக்கு ஒரு குழாய் என்றாகும்போது இந்த வைரஸுக்கு வழி திறக்கிறது.

இதற்குத் தடுப்பூசி உண்டு. சீனாவில் உருவான 'ஹெகோலின்' என்ற ஊசி 2011ல் அங்கே அனுமதி பெற்றது. நோய்ப் பரவலை எதிர்த்து அதை முதல்முறையாகப் பயன்படுத்தியது 2022ல், தெற்கு சூடானின் பென்டியு முகாமில். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமும் சேர்ந்து போட்டன. கர்ப்பிணிகளும் போட்டுக்கொண்டார்கள். நம் நாட்டின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. எனவே நமக்கு இன்றும் தண்ணீர்தான் வழி. 2015ல் மட்டும் உலகில் சுமார் 44,000 பேர் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இமாம் கஸ்ஸாலி கேட்ட கேள்வி

சமுதாயத்தில் சிலரேனும் செய்தாக வேண்டிய, யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளியாகும் கடமையை 'ஃபர்ளு கிஃபாயா' என்கிறோம். ஜனாஸா தொழுகையை உதாரணமாகச் சொல்லி மதரஸாவில் நாம் பாடம் நடத்துகிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம்முடைய 'இஹ்யா'வில் மருத்துவத்தையும் அதில் சேர்க்கிறார்கள். அத்தோடு நிற்காமல் தம் காலத்து மாணவர்களைக் கடிந்துகொள்கிறார்கள். ஊரில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹுச் சட்ட விவாதங்களின் பின்னால் ஓடுவது ஏன் என்று கேட்கிறார்கள். மருத்துவம் படித்தால் நீதிபதிப் பதவியோ வக்ஃபு நிர்வாகமோ கிடைக்காது என்பதுதான் காரணம் என்றும் மறைக்காமல் சொல்கிறார்கள். ஹிஜ்ரி 505ல் மறைந்த இமாம் அவர்கள். கேள்வி இன்றும் நம்மை நோக்கியே நிற்கிறது.

கூரூவின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்தக் கடமைக்கு இன்னொரு முகமும் தெரிகிறது. பிள்ளையை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அவர் செய்ததில் பாதி, படித்தவர் எவரும் செய்யக்கூடியது. கதவைத் தட்டினார், கேட்டார், எண்ணினார், எழுதி வைத்தார். நம் ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது, மௌத்துப் பதிவேடு இருக்கிறது, சந்தாப் பதிவேடு ஒரு ரூபாய் பிசகாமல் இருக்கிறது. மழைக்குப் பின் எந்தத் தெருவில் எத்தனை வீட்டில் காமாலை என்ற பதிவேடு இல்லை.

நம் குழாய்களும் நம் சட்டமும்

திருவொற்றியூரில் குடியிருப்போருக்குத் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுப்பள்ளியில் 2010ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவோடு தொடங்கப்பட்ட கடல்நீர் குடிநீராக்கும் ஆலை நம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆலையில் சுத்தமாகப் புறப்படும் தண்ணீர் நம் வீட்டுக் குடத்துக்கு வரும்வரை சுத்தமாகவே இருக்குமா என்பதே கேள்வி. குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடினால் உள்ளிருக்கும் அழுத்தம் வெளிக் கசிவை உள்ளே விடாது. விட்டு விட்டு வரும் தண்ணீரில் அந்த அழுத்தம் விழுந்துவிடும். பக்கத்தில் சாக்கடை தேங்கியிருந்து, குழாயில் சிறு விரிசலும் இருந்தால், சாக்கடை உள்ளே இழுக்கப்படும். தெருக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும்போது இது இன்னும் வேகமாக நடக்கும்.

எனவே அந்த மோட்டாரைப் பற்றி உலமாக்கள் பேச வேண்டும். அண்டை வீட்டாரின் பங்கை எடுத்துக்கொள்வது ஒரு பாவம். தெரு முழுவதின் குடத்திலும் சாக்கடையை இழுத்துவிடுவது அதைவிடப் பெரிய தீங்கு. தண்ணீர்த் துறைகளிலும் பாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூதில் படிக்கிறோம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்ததைப் புகாரியிலும் முஸ்லிமிலும் படிக்கிறோம். பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்னதையும் படிக்கிறோம். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் தண்ணீரைக் காத்த மார்க்கம் இது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. நிறமோ மணமோ சுவையோ மாறாத தண்ணீர் சுத்தமானது, இரண்டு குல்லத்து அளவிருந்தால் அதில் ஒளூச் செய்யலாம் என்றெல்லாம் ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. அது ஒளூவுக்கும் குளிப்புக்கும் உரிய சட்டம். கண்ணுக்குத் தெரியாத வைரஸ் அந்தத் தண்ணீரில் இல்லை என்ற சான்று அல்ல. தெளிந்த தண்ணீரிலும் ஹெபடைடிஸ் ஈ இருக்கலாம். 'ஒளூவுக்கு ஆகும் தண்ணீர் குடிக்க ஆகாதா' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஓதிப் பார்ப்பதை நாம் குறைத்துப் பேசவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். அதே நபி (ஸல்) அவர்கள்தான் மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவினார்கள், அல்லாஹ் மருந்தில்லாமல் எந்த நோயையும் இறக்கவில்லை என்றும் அறிவித்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதே சுன்னத். நாம் அன்று பாதிச் சுன்னத்தை மட்டும் செய்தோம்.

நம் மஹல்லாவில் இன்றே செய்யக்கூடியவை

முதலாவது, கர்ப்பிணிக்குக் கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பசியே இல்லாமல் சோர்ந்து கிடந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச்சில் தடுமாற்றமோ அதிகத் தூக்கமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். நமக்குப் பக்கத்தில் ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, ஸ்டான்லி இருக்கிறது. கீழாநெல்லி கொடுத்து ஒரு வாரம் பார்ப்போம் என்பது கர்ப்பிணி விஷயத்தில் உயிரோடு விளையாடுவது. ஹெபடைடிஸ் ஈ வந்த மற்றவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். பச்சிலையால் குணமானதாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டாவது, குடிக்கும் தண்ணீரை நன்கு தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறிய பின் மூடி வையுங்கள். மழைக்கு மறுமாதமும் இதை விடாதீர்கள். வைரஸ் உடலில் நுழைந்து காமாலை வெளிப்பட இரண்டு முதல் ஒன்பது வாரங்கள் ஆகலாம், சராசரியாக நாற்பது நாள். வெள்ளம் வடிந்துவிட்டதே என்று நாம் நிம்மதி அடையும் நேரத்தில்தான் நோய் வெளியே வரும்.

மூன்றாவது, வலீமா விருந்துகளிலும் இஃப்தார் நிகழ்ச்சிகளிலும் டிரம்மில் ஊற்றி வைக்கும் தண்ணீரும், சர்பத்தில் போடும் ஐஸும் எங்கிருந்து வருகின்றன என்று கேளுங்கள். பள்ளிவாசலின் மேல்நிலைத் தொட்டியையும் ஹவுளையும் குறித்த நாளில் கழுவி, தேதியை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கழிப்பறையிலிருந்து வந்தபின் சோப்பால் கை கழுவும் வசதி பள்ளியிலும் மக்தபிலும் கட்டாயம் இருக்கட்டும்.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். தெருவுக்கு ஓர் இளைஞர், ஒரு சகோதரி. மழைக்குப் பின் இரண்டு மாதம், வாரம் ஒருமுறை வீடுகளில் கேட்டு எழுதட்டும். நம் வீடு, அடுத்த மதத்தவர் வீடு என்று பிரிக்க வேண்டாம். குழாய் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரே தெருவில் மூன்று நான்கு பேருக்குக் காமாலை என்றால், அந்தக் கணக்கோடு மாநகராட்சியின் சுகாதார அலுவலரையும் குடிநீர் வாரிய அலுவலகத்தையும் அணுகுங்கள். 'தண்ணி சரியில்ல சார்' என்று வெறுங்கையோடு போவதற்கும், எந்த வீட்டில் எந்தத் தேதியில் என்ற பட்டியலோடு போவதற்கும் வேறுபாடு உண்டு. கூரூ 1978ல் மருத்துவ உலகின் முன் வைத்ததும் இப்படிப்பட்ட ஒரு பட்டியல்தான்.

ஐந்தாவது, தண்ணீர் ஸதக்கா. தம் தாய்க்காக எந்த தர்மம் சிறந்தது என்று ஸஅது இப்னு உபாதா (ரலி) கேட்டபோது தண்ணீர் வழங்குவதை நபி (ஸல்) அவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். உஸ்மான் (ரலி) மதீனாவில் ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்கு விட்டார்கள். நம் தெருவில் அதன் இன்றைய வடிவம், ஓர் ஏழைக் கர்ப்பிணியின் வீட்டுக்குப் பிரசவம்வரை தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டிய கேஸ் சிலிண்டர் செலவாக இருக்கலாம்.

அந்த இளைஞரை இப்போதும் ஜும்ஆவில் பார்க்கிறோம். அல்லாஹ் பின்னர் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தான். இன்றும் யாராவது பாட்டிலோடு நம்மிடம் வருவார்கள். ஓதிக் கொடுக்கிறோம். கொதித்து ஆறிய தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் ஓதுகிறோம். டாக்டரிடம் காட்டினீர்களா, வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்ட பிறகே பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

கஷ்மீரிலும் சூடானிலும் நம் கண்ணுக்கு எட்டாத எல்லா முகாம்களிலும் தாய்மார்களையும் குழந்தைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கும், அந்தக் கல்வியைக் கொண்டு தெருவில் இறங்கி உழைக்கும் மனதை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.